அந்தக் கலத்தில் என்ன ஊற்றினார்கள்? கிரேக்கப் பானை ஓவியத்தின் கறுப்பும் சிவப்பும் வெள்ளையும்

கேள்வி இதுதான்: பண்டைய கிரேக்கப் பானைகள் சிலவற்றில் சிவப்பு மண்மீது கறுப்பு உருவங்கள் இருக்கின்றன, சிலவற்றில் கறுப்புப் பின்னணியில் சிவப்பு உருவங்கள், இன்னும் சில வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. இவற்றுக்குள் என்ன வேறுபாடு, எது உயர்ந்தது, எல்லாமே அலங்காரத்துக்காகத்தானா?

புத்தகங்கள் பெரும்பாலும் காலவரிசைப்படி பதில் சொல்லும். முதலில் கறுப்புருவம், பிறகு செவ்வுருவம், பிறகு வெண்தளம் என்று. அதில் தவறில்லை. ஆனால் அந்த வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால், பிந்தியது முந்தியதைவிட உயர்ந்தது என்ற எண்ணம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன்: அந்தக் கலத்தில் என்ன ஊற்றினார்கள்? திராட்சை மதுவா, தண்ணீரா, ஆலிவ் எண்ணெயா, வாசனைத் தைலமா? அது தெரிந்தால், ஓவியன் ஏன் அந்த முறையைத் தேர்ந்தான் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அந்தக் கறுப்பு சாயமும் இல்லை, நாம் பீங்கானில் பார்க்கும் கண்ணாடிப் பூச்சும் இல்லை. அது வெறும் களிமண். பானை எந்த மண்ணோ, ஏறக்குறைய அதே மண்தான். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிக்கா மண்ணில் இரும்புச் சத்து அதிகம். அதைத் தண்ணீரில் கரைத்து நாள்கணக்கில் விட்டால் கரடு அடியில் படியும். மிக நுண்ணிய துகள்கள் மட்டும் மேலே குழம்பாக நிற்கும். அந்தக் குழம்பைத் தூரிகையால் தொட்டுத்தான் வரைந்தார்கள். வரையும்போது மண்ணுக்கும் குழம்புக்கும் நிற வேறுபாடு மிகக் குறைவு. முடிவில் என்ன நிறம் வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே கை ஓட வேண்டும்.

நிறத்தைப் பிரித்துக் கொடுத்தது சூளை. ஒரே சுடலில் மூன்று கட்டங்கள். முதலில் காற்றை நன்றாக உள்ளே விட்டுச் சுமார் 800 டிகிரி வரை சூடேற்றுவார்கள். பானையும் குழம்பும் இரண்டுமே சிவக்கும். அடுத்து, காற்று வரும் வழியை அடைத்து, பச்சை விறகையோ ஈரத்தையோ உள்ளே தள்ளிப் புகை மூட்டம் போடுவார்கள். வெப்பம் 900 டிகிரியைத் தாண்டும். ஆக்ஸிஜன் கிடைக்காத நெருப்பு மண்ணிலிருக்கும் இரும்பு ஆக்ஸைடிலிருந்து அதைப் பிடுங்கிக்கொள்ளும், எல்லாம் கறுத்துவிடும். இந்த வெப்பத்தில் நுண்துகள் குழம்பு மட்டும் இளகி, இறுகி, காற்றுப் புகாத தோலாகிவிடுகிறது. மூன்றாவதாகக் காற்றுவழியை மறுபடி திறப்பார்கள். துளைகள் நிறைந்த பானை மண் ஆக்ஸிஜனை இழுத்து மீண்டும் சிவக்கும். குழம்பு பூசிய இடம் மூடிக்கொண்டுவிட்டதால் கறுப்பாகவே நின்றுவிடும். காற்றைச் சற்று முன்னதாகத் திறந்தால் கறுப்பு நிற்காது. தாமதமானால் சிவப்பு திரும்பாது. இந்த நுட்பம் பிற்காலத்தில் மறைந்தே போனது. தியோடர் ஷூமன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1942-இல்தான் அதை விளக்கமாக மீட்டெடுத்தார்.

கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்பு மட்கலங்களைப் பார்த்தவர்களுக்கு இது எங்கோ கேட்ட கதைபோல் இருக்கும். காற்றுப் படாத பக்கம் கறுக்கும், பட்ட பக்கம் சிவக்கும் என்ற அடிப்படை இரண்டுக்கும் பொதுதான். ஆனால் நம் குயவர்கள் கலத்தின் உட்புறத்தையும் வாயையும் ஒட்டுமொத்தமாகக் கறுக்கவைத்தார்கள். ஏதென்ஸ்காரர்கள் அந்த எல்லைக்கோட்டை ஒரு மயிரிழை அளவுக்குக் கொண்டுவந்து அதால் படம் வரைந்தார்கள். ஒரு மரபு மற்றொன்றிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நெருப்பின் குணம் எங்கும் ஒன்று, அவ்வளவுதான்.

இனி ஓவியத்துக்கு வருவோம். தொடக்கத்தில், கி.மு. 900 முதல் 700 வரை, எல்லாம் வடிவியல் கோலங்கள். வட்டங்களைக் கவராயம் கொண்டு போட்டார்கள். சதுரமாக மடிந்து மடிந்து ஓடும் கோட்டுச் சரடுகளால் பானையைச் சுற்றிக் கட்டினார்கள். ஏதென்ஸின் டிபைலான் வாயிலருகே இருந்த இடுகாட்டில், கி.மு. 750-ஐ ஒட்டிச் செய்த ஒரு ஆம்ஃபோரா, அதாவது இரு கைப்பிடி வைத்த நெடுங்கலம், ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம். அதன் நடுவில், கைப்பிடிகளின் மட்டத்தில், பாடையில் ஒரு பெண்ணின் உடல். இருபுறமும் தலையில் கைவைத்து அழுபவர்கள். மார்பு முக்கோணம், கைகள் குச்சி. அந்தப் பானை ஒரு பெண்ணின் கல்லறைக்கு மேல் அடையாளமாக நின்றது. ஆண்களின் கல்லறைமேல் பெரும்பாலும் கிராட்டர் என்ற அகன்ற வாய்க் கலத்தை வைத்தார்கள். ஆகவே அலங்காரமா, பயன்பாடா என்ற கேள்விக்கு முதல் பெரிய பானைகளே பதில் சொல்லிவிட்டன. அங்கே பானைதான் நடுகல்.

அடுத்த பாய்ச்சல் கொரிந்த் நகரில். கி.மு. 700-ஐ ஒட்டி அங்கே சிலர் கறுப்பு நிழலுருவத்தை வரைந்துவிட்டு, கூரிய முனையால் அதன்மேல் கீறத் தொடங்கினார்கள். கீறிய இடத்தில் அடிமண் தெரியும். கண், விரல், பிடரிமயிர் எல்லாம் அந்தக் கீறலில் வந்துவிடும். கறுப்புருவ முறை என்பது இதுதான். அங்கே இதை அதிகம் செய்தது கைக்குள் அடங்கும் தைலக் குப்பிகளில். விளையாட்டு வீரர் மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு போகும் அளவு. அத்தனை சிறிய பரப்பில் தூரிகை நுணுக்கம் காட்ட இடமில்லை, கீறல் காட்டும். கிரேக்க உலகமெங்கும் தைலம் விற்ற ஊர், அந்தத் தைலத்துக்கு ஏற்ற குப்பியையும், குப்பிக்கு ஏற்ற ஓவிய முறையையும் கண்டுபிடித்தது என்றே நான் படிக்கிறேன்.

ஏதென்ஸ் அந்த முறையைக் கற்றுக்கொண்டு பெரிய கலங்களுக்குக் கொண்டுபோனது. கி.மு. 570-ஐ ஒட்டி எர்கோடிமோஸ் வனைந்து கிளைட்டியாஸ் வரைந்த கிராட்டர் ஒன்று ஃபிளாரன்ஸில் இருக்கிறது. 1844-இல் அதைக் கண்டெடுத்தவரின் பெயரால் பிரான்சுவா கலம் என்பார்கள். 66 சென்டிமீட்டர் உயரத்தில் சுமார் 270 உருவங்கள், பலவற்றுக்கு அருகே பெயர்கள். 1900-இல் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் முக்காலியை எடுத்து வீச, 638 துண்டுகளாகச் சிதறி, மறுபடி ஒட்டப்பட்டது.

கறுப்புருவத்தின் உச்சம் எது என்று கேட்டால் தயங்காமல் எக்ஸீகியாஸ் என்பேன். வத்திக்கானில் இருக்கும் அவருடைய ஆம்ஃபோராவைக் கிட்டப் போய்ப் பார்ப்போம், கி.மு. 540 – 530 வாக்கில் செய்தது. வனைந்தவரும் வரைந்தவரும் தானே என்று எழுதிவைத்திருக்கிறார். ட்ராய்ப் போரின் கிரேக்க வீரர்களான அகிலீஸும் அஜாக்ஸும் எதிரெதிரே உட்கார்ந்து பலகையாட்டம் ஆடுகிறார்கள். போர்க்களத்தில் இருக்கிறார்கள், ஈட்டிகள் கையைவிட்டுப் போகவில்லை. அகிலீஸ் தலையில் கவசம். அஜாக்ஸின் கவசம் பின்னால் கேடயத்தின்மேல் இருக்கிறது. இருவரின் வளைந்த முதுகும் பானையின் வளைவோடு ஒட்டிப் போகிறது. ஈட்டிகள் சாய்ந்து நம் கண்ணைப் பலகைக்கே கொண்டுவருகின்றன. அகிலீஸின் வாயிலிருந்து "நான்கு" என்ற சொல், அஜாக்ஸின் வாயிலிருந்து "மூன்று". தோற்பது யார் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார். பிறகு மேலாடைகளைப் பாருங்கள். நட்சத்திரம், சுருள், கட்டம் என்று கீறிய வேலைப்பாடு நெய்த துணியைப் போலவே இருக்கிறது. ஒரு கீறல் தவறினால் அழிக்க வழியில்லை. இந்த ஆட்டத்துக்குப் பிறகு அகிலீஸ் களத்தில் விழுவான், அவன் உடலைத் தோளில் சுமந்து வருபவன் இந்த அஜாக்ஸ்தான். கிரேக்கர்களுக்கு அது தெரியும். எக்ஸீகியாஸ் அதில் எதையும் வரையவில்லை; குனிந்த இரண்டு தலைகளை மட்டும் வரைந்தார்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கறுப்பு நிழலுருவம் பக்கவாட்டுத் தோற்றத்தில் நன்றாக நிற்கும். உடல் திரும்பினால், ஒரு கை இன்னொன்றின்மேல் வந்தால், எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். கீறிய கோடு எங்கும் ஒரே கனம். அழுத்தமும் மென்மையும் அதில் வராது. பெண்களின் தோலுக்குத் தனியாக வெள்ளை மண் பூச வேண்டும், அது உதிரும்.

கி.மு. 530 – 520 வாக்கில் ஏதென்ஸில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். உருவத்தை மண்ணின் நிறத்திலேயே விட்டுவிட்டு, சுற்றிலும் கறுப்பை நிரப்பினார். உள்விவரங்களுக்குக் கீறும் முனை போய்த் தூரிகை வந்தது. இதுதான் செவ்வுருவ முறை. மாற்றம் நடந்த வேளையையே நாம் பார்க்க முடிகிறது: ஆண்டோகிடீஸ் ஓவியர் என்று பெயரிட்டிருக்கும் கலைஞரோடு தொடர்புடைய சில பானைகளில் ஒரு பக்கம் பழைய முறை, மறு பக்கம் புதிய முறை. மியூனிக்கில் உள்ள ஆம்ஃபோரா ஒன்றில் இரண்டு பக்கமும் புராண வீரன் ஹெராக்ளிஸ் மஞ்சத்தில் சாய்ந்திருக்கிறான். ஒருபுறம் கறுப்பாக, மறுபுறம் சிவப்பாக. இரண்டு முறைகளையும் ஒப்பிட விரும்புகிறவர் ஒரே ஒரு பானையைத்தான் பார்க்க முடியும் என்றால், நான் இதைக் காட்டுவேன். கறுப்புப் பக்கத்தில் கண் போர்வையின் வேலைப்பாட்டில் தங்கும். சிவப்புப் பக்கத்தில் உடலின் கனத்துக்குப் போகும்.

தூரிகை தந்த பெரிய செல்வம் இரண்டு வகைக் கோடுகள். ஒன்று கெட்டிக் குழம்பால் இழுத்தது. விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குப் புடைத்து நிற்கும். மற்றொன்று நீர்த்த குழம்பால் போட்டது. சுட்டபின் தேன் நிறமாக வரும். முதலாவதால் உடலின் எல்லையையும் உடையின் மடிப்பையும் வரைந்தார்கள். இரண்டாவதால் வயிற்றுத் தசை, நரம்பு, இளந்தாடி. யூஃப்ரோனியோஸ் வரைந்த கிராட்டரில், ட்ராய்ப் போரில் இறந்த வீரன் சார்பிடோனை உறக்கம், மரணம் என்னும் தேவர்கள் சிறகு விரித்துத் தூக்கும் காட்சியில், இரண்டு கோடும் சேர்ந்து வேலைசெய்கின்றன. கனத்த உடல் தொங்குவது தெரிகிறது. காயத்திலிருந்து இரத்தம் வழிவதும் தெரிகிறது. அதே தலைமுறையின் யூதிமிடீஸ், குடித்துவிட்டு முதுகைத் திருப்பி ஆடுபவனை வரைந்த பானையில் "யூஃப்ரோனியோஸால் ஒருநாளும் முடியாதபடி" என்று எழுதிவைத்தார். உடலைத் திருப்பிக் காட்டுவதுதான் அப்போது போட்டி; அந்தப் போட்டி கறுப்புருவத்தில் நடந்திருக்க முடியாது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். இந்தக் கலங்களில் என்ன இருந்தது?

சிறந்தவற்றில் பெரும்பகுதி மதுவுக்கு. சிம்போசியம் என்ற ஆண்களின் மது விருந்தில் திராட்சை மதுவைத் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள்; கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர் வேலை என்று எண்ணினார்கள். கலக்க கிராட்டர், ஊற்ற ஒரு குடுவை, குடிக்க கிலிக்ஸ் என்ற அகன்ற கிண்ணம். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் இரண்டு பெரிய கண்கள் வரைவது கி.மு. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதி வழக்கம். குடிப்பவர் கிண்ணத்தைச் சாய்த்துத் தூக்கியதும் எதிரே இருப்பவருக்கு அவர் முகம் மறைந்து ஒரு முகமூடி தெரியும்: கைப்பிடிகள் காதுகள், அடித்தண்டின் வட்டம் வாய். கிண்ணத்தின் உள்ளே ஒரு வட்டப் படம். மது தீரத் தீரத்தான் அது வெளிப்படும். எக்ஸீகியாஸ் செய்து, இன்று மியூனிக்கில் இருக்கும் கிண்ணத்தில் மதுவின் கடவுள் டயோனைசஸ் கப்பலில் படுத்திருக்கிறான். பாய்மரத்தில் திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது, சுற்றி ஓங்கில்கள் துள்ளுகின்றன. உட்புறம் முழுவதும் பவளச் சிவப்பு. அதில் மதுவை ஊற்றினால் கப்பல் மதுக்கடலில் மிதக்கும். அருங்காட்சியகத்தில் காலியாக, செங்குத்தாக நிறுத்திப் பார்க்கும்போது நாம் இழப்பது இதைத்தான்.

சைக்டர் என்ற காளான் வடிவக் கலம் இன்னும் நேர்த்தி. கிராட்டருக்குள் மிதக்கவிட்டு மதுவைக் குளிரவைக்க அதைப் பயன்படுத்தினார்கள். டூரிஸ் வரைந்த ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சாட்டிர்கள், அதாவது பாதி மனிதனும் பாதி விலங்குமான மதுக்கடவுளின் தோழர்கள், கூத்தடிக்கிறார்கள். அந்தக் கலம் மிதந்து அசையும்போது சாட்டிர்களும் கூடவே ஆடியிருப்பார்கள். வட்டமாகத் திரும்பும், சாயும், கவிழும் உடல்கள் இந்த விருந்துக்கு வேண்டியிருந்தன. செவ்வுருவம் அவற்றைக் கொடுத்தது.

எண்ணெய்க்கு வேறு கதை, எனக்கு மிகவும் பிடித்த கதை. அதீனா தெய்வத்துக்கு எடுத்த பானதீனியா விழாவின் போட்டிகளில் வென்றவர்களுக்கு ஏதென்ஸ் நகரம் ஆலிவ் எண்ணெயைப் பரிசாகக் கொடுத்தது. அதற்கென்றே ஒரு ஆம்ஃபோரா. ஒன்றில் 36 லிட்டருக்கு மேல் பிடிக்கும். ஒரு பக்கம் இரு தூண்களுக்கு நடுவே ஈட்டியோங்கிய அதீனா, "ஏதென்ஸின் பரிசுகளில் ஒன்று" என்ற வாசகம். மறு பக்கம் ஓட்டம், மல்யுத்தம், தேர் என்று வென்ற விளையாட்டு. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கிய இந்தக் கலங்களைக் கடைசிவரை கறுப்புருவத்திலேயே செய்தார்கள். நகரமெங்கும் செவ்வுருவம் வந்து நூறாண்டு கழிந்த பிறகும் மாற்றவில்லை. செவ்வுருவத்தில் பெயர் பெற்ற பெர்லின் ஓவியர், கிளியோஃப்ரடீஸ் ஓவியர் போன்றவர்களே பரிசுப் பானை செய்யும்போது பழைய முறைக்குத் திரும்பினார்கள். கை தெரியாமல் செய்ததில்லை அது. அரசு முத்திரை மாறினால் எண்ணெயின் மதிப்பில் சந்தேகம் வரும். வென்றவர் அதை விற்கவும் செய்வார், கடல் கடந்தும் அனுப்புவார். பிந்திய முறை உயர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு நான் வழக்கமாகக் காட்டும் சான்று இதுதான்.

தண்ணீருக்கு மூன்று கைப்பிடி ஹைட்ரியா: இரண்டு தூக்க, ஒன்று ஊற்ற. அதன்மேலேயே பெண்கள் ஊருணி மண்டபத்தில் குடம் நிரப்பும் காட்சியை வரைந்தார்கள். திருமண நீராட்டுக்கு நீண்ட கழுத்துடைய லூட்ரோஃபோரோஸ். மணமாகாமல் இறந்தவரின் கல்லறைக்கும் அதே கலம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்று ஏலத்தில் கேட்கும் தொகையை வைத்து அன்று இவை அரும்பொருள்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அடியில் கீறிவைத்த வணிகக் குறிகளிலிருந்து, பெரிய செவ்வுருவ ஹைட்ரியா ஒன்று இரண்டு மூன்று டிராக்மா விலைபோனது தெரிகிறது, கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு கைவினைஞரின் நாள்கூலி ஒரு டிராக்மா. இரண்டு மூன்று நாள் கூலிக்கு எக்ஸீகியாஸின் வழிவந்த ஒருவரின் கைவேலை! இவற்றில் முழுசாக மிஞ்சியவற்றுள் பெரும்பகுதி கிரீஸில் கிடைக்கவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. இத்தாலியின் எட்ருஸ்கர்கள் விரும்பி வாங்கித் தங்கள் பாறைக் கல்லறைகளில் வைத்தார்கள். அங்கே உடையாமல் கிடந்தன. அதனால் இவை எட்ருஸ்கர்கள் செய்தவையே என்று பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா நம்பியது. ஆங்கிலேயக் குயவர் வெட்ஜ்வுட் 1769-இல் திறந்த தன் பீங்கான் ஆலைக்கு, எட்ருஸ்கர் நாட்டின் பெயரால், எட்ரூரியா என்று பெயர் வைத்தார். ஏதென்ஸில் விருந்துக்குச் செய்த கிண்ணம் இத்தாலியில் இறந்தவரோடு போனது. ஆக, ஒரே கலத்துக்கு இரண்டு பயன்கள் இருந்திருக்கலாம். செய்தவர் எண்ணியது ஒன்று, வாங்கியவர் எண்ணியது ஒன்று.

கடைசியாக வெள்ளை. சிவந்த கலத்தின்மேல் வெண்களிமண் பூசி, அதன்மேல் மெல்லிய கோட்டில் வரைவது வெண்தள முறை. கிண்ணங்களிலும் அதைச் செய்தார்கள். ஆனால் அது தன் இடத்தைக் கண்டடைந்தது லெகிதோஸ் என்ற ஒடுங்கிய எண்ணெய்க் குடுவையில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து. இறந்தவருக்கு எண்ணெய் பூசவும், கல்லறையில் படைக்கவும் அது. சுட்டபின் நீலம், பச்சை, சிவப்பு என்று சூளை தராத நிறங்களையெல்லாம் அதில் பூச முடிந்தது. அவை ஒட்டி நிற்காது, தேய்ந்தால் போய்விடும். அன்றாடம் கைபடும் கிண்ணத்துக்கு அது ஆகாது. கல்லறையில் ஒரு முறை வைத்துவிட்டு வரும் குடுவைக்கு அந்தக் குறை ஒரு குறையே இல்லை.

அகிலீஸ் ஓவியர் போன்றோர் இதில் வரைந்தவை அமைதியே உருவானவை. கல்லறைத் தூணுக்கு ஒரு பக்கம் உறவினர் கூடையோடு நிற்பார். மறு பக்கம் இறந்தவரே நிற்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதுபோலவும் இருக்கும், பார்க்காததுபோலவும் இருக்கும். தூணில் நாடாக்கள் கட்டியிருக்கும், அதன் படிகளில் இதே போன்ற குடுவைகள் வரிசையாக இருக்கும். சில குடுவைகளில் உருவங்கள் ஆடையின்றி நிற்பதுபோல் தோன்றினால், அப்படி வரைந்தார்கள் என்று கொள்ள வேண்டாம். ஆடையின் நிறம் உதிர்ந்துபோய் அடியிலிருந்த உடல்கோடு மட்டும் எஞ்சியிருக்கிறது.

இவற்றில் சிலவற்றின் உள்ளே இன்னொரு செய்தி இருக்கிறது. குடுவை முழுவதும் எண்ணெய் நிரம்பாது. கழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணத்தை உள்ளே ஒட்டியிருப்பார்கள். எண்ணெய் அதில் மட்டும் நிற்கும், கீழே முழுவதும் வெற்றிடம். இதைக் கஞ்சத்தனம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணெய் விலை உயர்ந்தது. இறந்தவருக்கு ஊற்ற நாலு சொட்டு போதும். ஆனால் படியில் வைக்கும் குடுவை கண்ணுக்கு நிறைவாக நிற்க வேண்டும். ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொபொனீசியப் போரின்போது வீட்டில் அடிக்கடி சாவு விழுந்தது.

அந்த வெற்றிடத்தில் அடைபட்ட காற்று சூளையில் விரிந்தால் குடுவை வெடித்துவிடும். அதற்காகக் குயவர் பச்சை மண்ணாக இருக்கும்போதே உடலில் ஒரு சின்னத் துளை போட்டார். பார்க்கக் கிடைத்தால் அந்தத் துளையைத் தேடுங்கள்.